பக்தி போதாதா, படிப்பும் வேண்டுமா?

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். ஆண்டவரை ஏற்றுக்கொண்ட நாள்முதல் நான் வேதம் வாசிக்காத நாளில்லை. எங்கள் சபையில் வீட்டுக்கூட்டம் நடத்தும் பொறுப்பை எனக்குத் தர நினைத்தார்கள். மூப்பர் ஒருவர் மட்டும், "இறையியல் படித்துவிட்டு வரட்டும்" என்று தடுத்துவிட்டார். ஆவியானவர் போதிக்கும்போது கல்லூரி எதற்கு? "எழுத்து கொல்லுகிறது" என்று பவுலே சொல்லவில்லையா? பேதுரு எங்கே படித்தார்?

பதில்: தம்பி, வீட்டுக்கூட்டத்துக்குப் பட்டம் கேட்பது அதிகப்படிதான். பட்டம் வாங்கிய பலருக்கு நான் பழைய ஏற்பாடு கற்பித்திருக்கிறேன். அவர்களில் சிலரை நம்பி ஒரு ஜெபக்கூட்டத்தைக்கூட ஒப்படைக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் பக்கம் சாய எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் காட்டிய வசனத்தையே எடுப்போம். 2 கொரிந்தியர் 3-இல் ஆறாம் வசனத்தோடு நின்றுவிட்டீர்கள். அடுத்த வசனத்திலேயே, கற்களில் எழுதி வெட்டப்பட்ட எழுத்து என்கிறார் பவுல். மோசே பெற்ற நியாயப்பிரமாணத்தைப் பற்றிய பேச்சு அது. புத்தகப் படிப்பைப் பற்றியதே அல்ல. யூத வேத போதகரான கமாலியேலின் பாதத்தருகே கற்றவர், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போதுகூட மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்டவர், படிப்பைப் பழிப்பாரா?

பேதுரு கல்லூரிக்குப் போகவில்லை, உண்மை. ஆண்டவரோடு ஊர் ஊராக நடந்தார், திட்டும் வாங்கினார். பெந்தெகொஸ்தே நாளில் அவர் செய்த பிரசங்கத்தைப் பாருங்கள்: யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து எடுக்கிறார், 16-ஆம் சங்கீதத்தையும் 110-ஆம் சங்கீதத்தையும் விளக்குகிறார். மீன் பிடித்தவர் என்பதால் வேதம் அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

படிக்காத பக்தி யாரைக் காயப்படுத்துகிறது என்று சொல்கிறேன். ஒரு வீட்டில் தகப்பனார் படுத்த படுக்கை. ஜெபிக்கப் போனவர் மெய்யான விசுவாசி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11-ஐ வாசித்து, "சுகம் நிச்சயம், ஆண்டவர் வாக்குக் கொடுத்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு வந்தார். தகப்பனார் இறந்துபோனார். அடக்கம் முடிந்தபின் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, எங்கள் விசுவாசம் போதவில்லையா?" முந்தைய வசனத்தையும் வாசித்திருந்தால், பாபிலோனில் 70 வருடம் நிறைவேறிய பிறகு என்று எழுதியிருப்பது அந்தச் சகோதரர் கண்ணில் பட்டிருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அது வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்நிய மண்ணிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். ஆனாலும் வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை. இதை அந்த அம்மாவுக்குச் சொல்லி ஆற்ற ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது.

ஆதிச் சபையில் பிரசங்கித்த அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். வேதாகமங்களில் வல்லவன், ஆவியில் அனல் கொண்டவன். ஆனால் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு மேல் அவனுக்குத் தெரியாது. கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவனைச் சேர்த்துக்கொண்டு திருத்தமாய் விளக்கினார்கள். சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய பேச்சாளன் உட்கார்ந்து கேட்டானே, அதைத்தான் நான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜனும் இறையியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்தான். அவரே 1856-இல் லண்டனில் போதகர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கினார்.

ஆகவே கூட்டத்தை நடத்துங்கள். ஆனால் அதற்கு முந்தின நாள், பேசப்போகும் பகுதியின் அதிகாரம் முழுவதையும் வாசித்து, கற்றறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்த மூப்பரிடமே போகலாமே. "படித்துவிட்டு வரட்டும்" என்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமையும் உண்டல்லவா?

கேள்வி: என் மகன், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ஞானோபதேச வினாவிடையைத் தலைகீழாகச் சொல்வான். விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கு ஆனதிலிருந்து ஆலயத்தின் பக்கமே வருவதில்லை. படித்ததெல்லாம் வீணா?

பதில்: இப்போதே தீர்ப்பு எழுதாதீர்கள், அம்மா. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் தம் சிறிய வினாவிடையை 1529-இல் வெளியிட்டபோது, குடும்பத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றே எழுதினார். நாம் அதை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் தலையில் கட்டிவிட்டோம். அதில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இதன் பொருள் என்ன என்ற கேள்வி வரும். அதையே மகனிடம் கேளுங்கள். மனப்பாடப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். எதிர்க்கேள்வி வந்தால் கோபப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.