மால்ட் பாகு ஏன் இனிக்கவில்லை?

கேள்வி: மளிகைக் கடைப் பார்லியை ஊறவைத்து உடைத்து, கொதிநீரில் கரைத்து மூடிவைத்தேன். இனிக்கவே இல்லை, கஞ்சியாகிவிட்டது. என்னிடம் ஒரு குண்டானும் தெர்மாமீட்டரும்தான் இருக்கின்றன. மால்ட் பாகு காய்ச்ச முடியுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக முடியும். கடையில் விற்கும் வெள்ளைப் பார்லி தீட்டியது, முளைக்காது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் முளைவிடும்போதுதான் பெருகும். உமியோடு உள்ள பார்லியை முளைகட்டிக் காயவைத்ததுதான் மால்ட். வீட்டிலேயே முளைகட்டுவதானால் மார்கழி, தை நல்லது. சித்திரைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு தவறு கொதிநீர். 75 டிகிரியைத் தாண்டினாலே நொதிகள் வேகமாகச் செயலிழக்கும்.

ஒரு கிலோ மால்ட்டை மிக்ஸி விப்பரில் உடையுங்கள். மாவாகிவிட்டால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். உமி முழுசாக இருந்தால் அதுவே சல்லடை. மூன்று லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்குங்கள். நம் கடலோரத்தில் தானியமே 30 டிகிரியில் இருப்பதால் கலவை 66 டிகிரிக்கு வந்து நிற்கும். கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள்.

பிறகு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறு, பக்கத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின், இரண்டையும் கலந்து பாருங்கள். கருநீலமானால் மாவு மீதி இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். பழுப்பாகவே இருந்தால் வேட்டித் துணியில் வடிக்கலாம். சோதித்த சொட்டைக் குண்டானில் ஊற்றாதீர்கள்.

சக்கையை ஒன்றரை லிட்டர் வெந்நீரில் அலசி, அதையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சுங்கள். குமிழ்கள் பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கியதும் தணலைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். அடிப்பிடிப்பது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான்.