த்ரில்லர் நாவலுக்கு விமர்சனம் எழுதும்போது எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

கேள்வி: நிறைய த்ரில்லர் படிக்கிறேன். படித்ததைப் பற்றி எழுதவும் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்று முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "சூப்பர், கண்டிப்பாகப் படியுங்கள்" என்று இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. முடிவைச் சொல்லாமல் என்னதான் எழுதுவது?

பதில்:

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெண்ணின் வாசிப்பைக் கெடுத்த பிறகுதான்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு நாவலைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கொலையாளி யார் என்று மூச்சுகூட விடவில்லை. "கடைசியில் மாட்டுகிற ஆளை நீங்கள் எதிர்பார்க்கவே மாட்டீர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் என்னைவிட இளையவள் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனாள். மூன்றாம் நாள் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, நீங்க அப்படி எழுதியிருந்தீங்கல்ல? அதனால யார் மேல சந்தேகமே வராதோ அவரையே கவனிச்சுக்கிட்டுப் படிச்சேன். அறுபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு மனசே சரியில்லை. எழுதியவர் முந்நூறு பக்கத்துக்கு மேல் பாடுபட்டு மூடிவைத்ததை நான் ஒரே வரியில் திறந்து கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து "பெரிய ட்விஸ்ட் இருக்கிறது", "பாதிக்கு மேல் கதையே மாறிவிடும்" போன்ற வரிகளை எழுதுவதில்லை. ஜில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' 2012இல் வந்தது. நான் கையில் எடுப்பதற்குள் அந்த நாவலின் நடுப்பகுதியைப் பற்றி ஊரே பேசி முடித்திருந்தது. என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்கே நடக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் முதல் பாதி முழுக்க அந்த இடத்துக்காகவே காத்துக்கொண்டு படித்தேன். ஐந்தாம் திருமண நாளன்று மனைவியைக் காணோம். கணவன் நிக் போலீஸிடம் சொல்கிற பொய்களைத் தானே எண்ணி நமக்கும் சொல்லிக்கொண்டு போகிறான். அந்தக் குரலில் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் காதில் விழுந்தது. என்னைக் கேட்டால் அந்த நாவலின் பலம் அந்தக் குரல்தான். விமர்சனத்தில் நான் பேசியதும் அதைப் பற்றித்தான்.

இப்படித்தான் இரண்டு முறை படிக்கும் பழக்கம் வந்தது. முதல் முறை கதைக்காக, சாப்பாடு தூக்கம் மறந்து. நூறாம் பக்கத்தில் மட்டும் நிறுத்தி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுவேன். முடித்த பிறகு முதல் மூன்று அத்தியாயங்களைப் பென்சிலோடு திரும்பப் படிப்பேன். ஆசிரியர் எதை நம் கண் முன்னாலேயே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்க வைத்தார், எங்கே நேர்மையாக மறைத்தார், எங்கே ஏமாற்றினார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முடிவு தெரிந்த பிறகும் முதல் அத்தியாயம் நம்மைப் பிடித்து உட்கார வைத்தால் அது நல்ல நாவல். நான் வைத்திருக்கிற அளவுகோல் அது ஒன்றுதான்.

சமீபத்தில் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005இல் வந்து, அங்கே பெரிய கௌரவமான நவோகி விருதை வாங்கியது. அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. இந்தியில் 'ஜானே ஜான்' என்று 2023இல் படமாகவும் வந்துவிட்டது. படம் பார்த்தவர்கள்கூட நாவலைப் படிக்கலாம்.

இதில் கொலையாளி யார் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். யாசுகோ மகளோடு தனியாக வாழ்கிறவள். விவாகரத்தான கணவன் பணம் கேட்டு வந்து தொல்லை கொடுக்கிறான். கைகலப்பில் அவன் செத்துப்போகிறான். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். இவ்வளவும் முதல் சில பத்துப் பக்கங்களுக்குள் முடிந்துவிடும். கதையை நான் இதோடு நிறுத்திவிட்டேன். எப்போதும் அப்படித்தான்: புத்தகத்தின் பின்னட்டை எதுவரை சொல்கிறதோ அதுவரைதான் நானும் சொல்வேன். அதுவும் நாலைந்து வரிக்குள்.

மிச்ச இடத்தில் என்ன எழுதுவது? அந்த விமர்சனத்தை நான் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்து எழுதினேன். யாசுகோ வேலை பார்ப்பது மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கும் சின்னக் கடையில். பள்ளிக்கூடம் போகிற வழியில் இஷிகாமி தினமும் அங்கே வாங்குகிறார். அதிகம் பேசமாட்டார், முகம் பார்க்கமாட்டார். ஆனால் அவள் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் கடைக்கு வருவதில்லை என்பதைக் கடைக்காரர்கள் கவனித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும்வரை அவளுக்கு அது தெரியாது. ஒரு மனுஷனின் பிரியம் முழுவதையும் இந்த ஒரு தகவலில் வைத்துவிடுகிறார் ஹிகாஷினோ. பின்னால் அந்த வாத்தியார் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஈரம் இங்கிருந்துதான் வருகிறது. இதை எழுதினால் புதிரில் ஒரு இழைகூட அவிழாது. ஆனால் இது எப்படிப்பட்ட நாவல் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதி, பிறகு அடித்த ஒன்றையும் சொல்கிறேன். பரீட்சைக்குத் தான் கேள்வி தயாரிக்கும் விதம் பற்றி இஷிகாமி ஓரிடத்தில் ஒரு வார்த்தை சொல்வார். அருமையான வசனம். அதை மேற்கோளாகப் போட்டு அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, நாவலுக்குள் அது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது, நான் நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. முழுவதையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, கல்லூரிக் காலத்து நண்பரான இயற்பியல் பேராசிரியர் யுகாவாவும் அவரும் பேசிக்கொள்ளும் கணக்கைப் போட்டேன்: ஒரு கேள்விக்கு நாமே விடை கண்டுபிடிப்பது கஷ்டமா, இன்னொருவர் கொடுத்த விடை சரிதானா என்று பார்ப்பது கஷ்டமா? இரண்டு மூளைகள் மோதப்போகின்றன என்று இது காட்டும், வேறெதையும் காட்டாது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். வாசகனுக்குப் போதுமான தடயங்களைக் கொடுத்திருக்கிறாரா என்று ஜப்பானிலேயே எழுத்தாளர்களும் விமர்சகர்களும் இந்த நாவலை வைத்து வாதாடியிருக்கிறார்கள். வாசகனோடு நேர்மையாக ஆடுகிற புதிர்க்கதையை அங்கே 'ஹோன்காகு' என்பார்கள். இது அந்த வகையில் சேருமா என்பதுதான் சண்டை. பென்சிலோடு திரும்பப் படித்ததால் நான் சேரும் என்கிற கட்சி. ஆனால் யாசுகோ எனக்குக் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. மற்றவர்கள் செய்வதையெல்லாம் தாங்கிக்கொள்கிறவளாகவே இருக்கிறாள். அதையும் எழுதினேன். மொழிபெயர்ப்பில் படித்ததால் வாக்கிய அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை.

பிடிக்காத நாவலுக்கும் இதே உழைப்பு வேண்டும். போன மாதம் ஒன்று படித்தேன். துப்பறிகிறவர் ஒரு கடிதத்தைப் படிக்கிறார், அதில் என்ன இருந்தது என்பதை மட்டும் இருநூறு பக்கத்துக்கு நமக்குச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அதை "மொக்கை" என்று எழுதுவதைவிட, எது எப்படி மறைக்கப்பட்டது, ஏன் எனக்கு ஆத்திரம் வந்தது என்று எழுதினால் படிப்பவர் தானே முடிவு செய்துகொள்வார். சிலருக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்காது.

நானெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும் மாத நாவல்களில் ராஜேஷ்குமாரையும், வாடகை நூலகத்தில் சுஜாதாவின் கணேஷ்-வசந்தையும் படித்து வளர்ந்தவள். அவற்றுக்கு அன்றைக்கு நாங்கள் செய்த விமர்சனம், "முடிச்சிட்டியா? நாளைக்குக் கொடு" என்று கேட்டு வாங்குவதுதான். இன்றைக்கும் நான் எழுதுவது அப்படி யாராவது புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஹிகாஷினோ விமர்சனத்தைப் படித்துவிட்டு அதே பெண் புத்தகத்தைக் கேட்டாள். கொஞ்சம் பயத்தோடுதான் கொடுத்தேன். அடுத்த திங்கள்கிழமை கண்ணெல்லாம் வீங்கி வந்தாள், ராத்திரி இரண்டு மணிவரை படித்தாளாம். முடிவைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் இன்னும் படிக்கவில்லையே. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவள், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வாத்தியார் ஞாபகம் வந்துட்டார்க்கா" என்றாள்.