படேல் என்பது சாதிப் பெயரா?

இல்லை, பதவிப் பெயர். வரி வசூலித்து, நிலக் கணக்குக்கும் பொறுப்பாக இருந்த ஊர்த் தலைவரைக் குஜராத்தில் படேல் என்றார்கள். நம்மூர் மணியக்காரர் மாதிரி. மராட்டியத்தில் அவரே பாட்டீல். 'பட்ட' என்ற வேர் நமக்கும் பழக்கம்தான்: நிலத்துக்குப் பட்டா வாங்குகிறோமே!

பதவி போனது, பெயர் நின்றுவிட்டது. குஜராத்தின் பாட்டிதார்கள் என்ற வேளாண் சமூகத்தார் இந்தப் பெயரைப் பெருமளவில் சூடிக்கொண்டதால்தான் இந்தக் குழப்பம். சர்தார் வல்லபாய் படேல் அந்தச் சமூகத்தவர். பெயரை வைத்துச் சாதி கணிப்பவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்: பரூச் மாவட்டத்து இகர் கிராமத்திலிருந்து வந்து, 2011 உலகக் கோப்பையில் பந்துவீசிய முனாஃப் படேல் முஸ்லிம். 1996 முதல் 1999 வரை கர்நாடக முதல்வராக இருந்த ஜே.எச். படேல் லிங்காயத்து. பார்சிகளிலும் படேல்கள் உண்டு.