அடுப்பு ஊதியவர் சொல்லட்டும்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னை அருகே முட்டுக்காட்டில், பழைய வீடுகளை மறுபடி கட்டி வைத்திருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்த என் ஒன்பது வயது மகள், "இவ்ளோ அழகான வீட்டை விட்டுட்டு ஏம்மா ஃப்ளாட்டுக்கு வந்தோம்?" என்றாள். உடன் வந்த மாமியார், "அடுப்பு ஊதிப் பார்த்திருந்தா தெரியும்" என்று முணுமுணுத்தார். அந்தக் காலமே அழகாகத்தான் இருந்தது என்று பிள்ளைகளை நம்பவிடுவது சரியா?

ஒரு வாசகி, திருவள்ளூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நம்பவிடக் கூடாது. அதற்காகப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாமலும் இருக்கக் கூடாது.

டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1996இல் திறந்த இடம் அது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திட்டமிட்டார். இன்னொரு கட்டடக் கலைஞரான பென்னி குரியாகோஸ் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 10 ஏக்கரில் 18 வீடுகள். பலவும் சொந்தக்காரர்களே இடிக்கக் கொடுத்தவை. தூண், உத்தரம், கதவு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் தூண் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம் என்று விலைபோயிருக்கும். இதற்காகவே அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் மரத்தைக் கொண்டுவரலாம், அடுப்புப் புகையைக் கொண்டுவர முடியாது. அதை உங்கள் மாமியார்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவரை முணுமுணுக்க விடாதீர்கள். ஏதாவதொரு வீட்டின் அடுப்படியில் உட்காரவைத்து, ஈர விறகு எப்படிப் புகையும், அரைக்கும் குழவி பிடித்த கை இரவில் எப்படி வலிக்கும் என்று பேத்தியிடம் சொல்லச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். அந்தத் தொழிலில் வீட்டின் நல்ல இடம் தறிக்குப் போய்விடும். மனிதர்கள் மிச்சத்தில் புழங்குவார்கள். குழித்தறியில் நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு, மிதித்தபடி நாள் முழுக்கக் குனிந்திருப்பார். ஊடை நூலைத் தாராக, அதாவது சின்னக் கண்டாகச் சுற்றுவது பெண்கள் வேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்கு, கரைக்கான நாடாவை, அதாவது நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடத்தை, தள்ளிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் பல வீடுகளில் அந்த ஆள் உங்கள் மகள் வயதுப் பிள்ளை. இதை அவளிடம் அங்கேயே சொல்லுங்கள்.

அக்ரகார வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு அங்கே சட்டென்று நடந்துவிடலாம். ஊரில் அந்த நடை அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழையக் கூடாது என்பதையெல்லாம் பெரியவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுக்கு இது புரியும். பள்ளிக்கூடத்தில் யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுக்கும் முன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

இதனால் அவள் கண்ட அழகு பொய்யாகிவிடாது. ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டைப் பாருங்கள். கனத்த மண்சுவரில் மூலையே இல்லை. புயல்காற்று மோதி நிற்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கேரளத்துப் புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீட்டிலோ வாசலில் நுழைந்ததுமே நெற்களஞ்சியம். ஏன் இப்படி என்று அவளையே யோசிக்கவிடுங்கள், பலகையைப் படித்துக் காட்டாதீர்கள்.

18 வீட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, நாலைந்து போதும். குயவர் சக்கரத்தில் பிள்ளைகள் மண் பிடித்துப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.

அன்புடன்.