கடைசி பஸ்ஸும் முதல் காட்சியும்

வணக்கம் சேர்,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படிக்கிறேன். இறுதியாண்டு உள்ளகப் பயிற்சியை, சென்னைப் படங்களை வாங்கி இலங்கையில் வெளியிடும் கொழும்பு நிறுவனம் ஒன்றில் செய்தேன். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். போஸ்டரில் திகதி மாற்றினேன், முகநூல் பதிவுகள் எழுதினேன், வேறு வேறு பெயர்களில் ரசிகர்கள்போலக் கருத்துகளும் போட்டேன். தீபாவளிப் படத்துக்கான கூட்டத்தில், "தோட்டத்து ஆட்கள் எப்போ படத்துக்கு வருவாங்க?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் எப்போது கைக்கு வரும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் அது இன்னொருவர் பெயரில் திட்டமாக வந்தது. அதைவிட, அம்மாவின் முற்பணத்தை நானே காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்றுதான் மனம் அரிக்கிறது. இப்போது அங்கேயே வேலை தருவதாகச் சொல்கிறார்கள். போகலாமா? இதையெல்லாம் பயிற்சி அறிக்கையில் எழுதலாமா? சினிமாதான் நம் சனத்தைக் கெடுத்தது என்று அப்பா வேறு சொல்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள மகள்,

அப்பா சொன்னதை முதலில் ஓரமாக வைப்போம். 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தது சினிமா இல்லை. 1964இல் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு, குடும்பங்களைப் பிய்த்து அங்கே கப்பலேற்றியதும் சினிமா இல்லை. அவ்வளவுதான், இதில் பேச வேறொன்றும் இல்லை.

ஆனால் உன்னை ஏச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வேறு பெயர்களில் ரசிகர்கள்போலக் கருத்துப் போட்டதை, போஸ்டரில் திகதி மாற்றியதோடு சேர்த்து ஒரு வேலையாகச் சொல்லிவிட்டுப் போகிறாய். அது பொய், மகள். மேலே இருப்பவர் சொன்னார் என்பது சாக்கு ஆகாது. நீ எழுதிய அந்த இரண்டு வரியை நம்பி எவனோ ஒருவன் ஒரு நாள் சம்பளத்தைச் செலவழித்திருப்பான். இனிச் செய்யாதே.

முற்பண விஷயத்தில் நீ யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. முற்பணம் எந்த வாரம் வரும் என்பது ஹட்டன் டவுனில் உடுப்புக்கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காதது, அது கடன் என்பது. தீபாவளி முடிந்த பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்களே, அதைச் சொன்னாயா? சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி பஸ். கொஞ்ச நாளாகவே நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

எழுபதுகளில் எங்கள் பக்கம் தியேட்டர் விளம்பரக் கார் வரும். பழைய ஒஸ்டின் கார். கூரையில் புனல் ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் படம் ஒட்டிய தட்டி. காருக்குள் இருந்து பேசுகிறவரை நாங்கள் மைக் மாமா என்போம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டுக் கேட்டுக் குரலைப் பழக்கியவர். சின்னப் பிள்ளைகள் நோட்டீஸுக்காகக் காருக்குப் பின்னால் ஓடுவோம். அவருடைய குரலைவிட, அவர் சட்டைப் பையில் வைத்திருந்த கொப்பிதான் பெரிய விஷயம் என்று பிறகுதான் விளங்கியது. எந்தத் தோட்டத்தில் என்றைக்குச் சம்பளம், எங்கே திருவிழா, மாசி மாதத்தில் தோட்டத்தின் எந்த டிவிசனில் விடிய விடியக் காமன் கூத்து நடக்கும், எங்கே கொழுந்து மிஞ்சி ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கொழுந்து மிஞ்சிய வாரத்தில் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகமாட்டார். "அதுகளே கை நொந்து கெடக்குதுக, இப்ப போயிக் கூவுனா ஏச்சுத்தான் விழும்" என்பார். சாவு விழுந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, முன்னால் மைக்கை நிறுத்திவிட்டுக் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்.

படத்தின் பெயர், நடிகர்கள் பெயர், சண்டை எத்தனை, பாட்டு எத்தனை எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் பஸ்ஸைப் பற்றிச் சொல்வார். "படம் விட்டதும் பஸ் இருக்கு." பஸ் இல்லாத நாளில், "ராத்திரி ஆட்டத்துக்கு பஸ் இல்ல, பகல் ஆட்டத்துக்கு வாங்க." இரவுக் காட்சிக்குக் கூட்டம் குறைகிறதென்று தியேட்டர்காரர் ஏசுவாராம். இவர் கேட்கவில்லை. பிள்ளைகுட்டியோடு ராத்திரியில் டவுனில் அகப்பட்டுக்கொண்ட குடும்பம் அடுத்த படத்துக்கு வராது என்பது அவர் கணக்கு. நீ மூன்று வருடம் படித்த சந்தைப்படுத்தலில் இதைவிடத் தெளிவாக யாராவது சொல்லித் தந்தார்களா?

1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. 83 இனக்கலவரத்தில் தியேட்டர்களும் எரிந்தன. அப்புறம் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் விடிய விடியப் படம் ஓட்டிய காலம் வந்தது. மைக் மாமா அதற்கு முன்பே ஒப்பந்தக் கப்பலில் போய்விட்டார். கொப்பியும் அவரோடு போயிருக்கும்.

இப்போது உன் நிறுவனத்தின் திட்டத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை முதல் நாள் முதல் காட்சி என்று விளம்பரம் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகாத ஆளுக்கு அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் 1350 ஆனது. நாலு பேர் உள்ள குடும்பம் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு வந்து, டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பினால் ஒரு நாள் சம்பளத்தோடு முடியுமா? பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து டிவிசனுக்கு ஏறுவதற்கு ஓட்டோ பிடித்தால் அது தனிக் கணக்கு. மாலை ஆறரைக் காட்சியைச் சொல்லவே வேண்டாம். இருட்டில் எழுந்து சமைத்து, சின்னதைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண்ணை ஆறரைக்கு ஹட்டனில் எதிர்பார்ப்பவர்கள் யார்? ஜூன், ஜூலை மழையில் நம் பக்கம் கடைத் தெருவே மூன்று மணிக்கு இருண்டு கிடக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். பஸ் காசு கொடுத்து அவர்கள் வாங்கிக்கொண்டது இதைத்தான்.

கொழும்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மலையகத்தில் படமே எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது, கதை நம் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புடையது. இன்றைக்கும் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். அண்மையில் ஹட்டனில் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். நல்ல படம். மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், என்னைப்போல டவுனில் வீடுள்ளவர்கள். படத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டு நடித்திருந்த அம்மாமாரில் ஒருவரைக்கூட அங்கே காணவில்லை. படம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளிடம் சத்தமாகவே கேட்டேன். "மண்டபம் அந்த நேரத்துக்குத்தான் கிடைத்தது" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தன் முகத்தைத் தானே திரையில் பார்க்க ஒரு பெண்ணுக்குப் பஸ் இல்லை, அதை யாரும் யோசிக்கவும் இல்லை. கேமராவுக்குக் காசு திரட்டத் தெரிந்தவர்கள் காட்சி நேரத்தை அந்த அம்மாமாரிடம் கேட்டிருக்கலாமே!

வேலைக்குப் போ. படம் வாங்குவது, தியேட்டரோடு பங்கு பேசுவது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதெல்லாம் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, நீ கற்றுக்கொள். ஆனால் சம்பளத்தை எழுத்தில் வாங்கு. அறிக்கையில் உன் பங்கை உன் பெயரில், கூட்டம் நடந்த திகதியோடு எழுது. மற்றவரைத் திட்டி எழுதாதே, உன் விரிவுரையாளரிடம் முதலில் காட்டு. சேர்ந்த பிறகு நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: மலையகத்தில் ஒட்டும் போஸ்டரில் காட்சி நேரத்துக்குக் கீழே கடைசி பஸ் நேரத்தையும் போடச் சொல்லிக் கேள். செலவு ஒரு வரிதான். மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. லயத்துக் காம்பராவிலிருந்து கிளம்பித் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம், எதற்கு எவ்வளவு காசு என்று ஒரு கொப்பியில் எழுதி வை. படம் எப்படி இருந்ததென்று அம்மா சொல்வதையும் சேர்த்து எழுது.