காரை ஏற்ற எந்த டிரெய்லர்? எடைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய இரண்டு கதவு கார் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். எடை 1,350 கிலோ, தாழ்வான வண்டி. இப்போதைக்கு இன்ஜின் ஓடாது. என் பிக்கப்பின் இழுவைத் திறன் 2,500 கிலோ, ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) தாங்கும் எடை 250 கிலோ. திறந்த டிரெய்லர் ஒன்று வாங்க நினைக்கிறேன். ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) போதுமா, இரட்டை வேண்டுமா? வாங்கிய பிறகு எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?"

இரட்டை ஆக்சில்தான் வாங்குங்கள். காரணம் எடைக் கணக்கிலேயே இருக்கிறது. காரின் 1,350 கிலோவோடு, இரும்பில் செய்த டிரெய்லரின் வெறும் எடை சுமார் 700 கிலோ, ஸ்பேர் சக்கரம், விஞ்ச் (கேபிளைச் சுற்றி காரை மேலே இழுக்கும் கருவி), கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு 100 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 2,150. இதைச் சாதாரண ஒற்றை ஆக்சில் தாங்காது. தாங்கும் கனமான ஆக்சில் கிடைத்தாலும், ஓடும்போது ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேறு சக்கரம் கிடையாது. இரட்டை ஆக்சிலை வெறும் கையால் தள்ளித் திருப்புவது சிரமம், டயரும் இரண்டு கூடுதல். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டிரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் பெரிதாகப் போட்டிருப்பது மொத்த எடை வரம்பு. பலர் அதையே ஏற்றக்கூடிய சுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சுமை. அலுமினிய டிரெய்லர் விலை கூடுதல்தான், ஆனால் எடை நன்றாகக் குறையும். உங்கள் பிக்கப்புக்கு மீதமிருப்பது 350 கிலோதான் என்பதால், கையில் பணம் இருந்தால் அலுமினியத்தையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. தளத்தின் நீளம் காரின் நீளத்தைவிட அரை மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். அந்த இடம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அகலத்தில் எல்லாரும் மறப்பது கதவு. காரை மேலே ஏற்றி நிறுத்திய பிறகு டிரெய்லரின் மட்கார்டு இடித்துக் கதவு திறக்காது. தாழ்வான காரில் இது நிச்சயம் நடக்கும், அதுவும் இரண்டு கதவு காரின் கதவு நீளமானது. கழற்றி மாட்டும் மட்கார்டு உள்ள டிரெய்லராகத் தேடுங்கள்.

ரேம்ப் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தளம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம், ரேம்ப் 1.5 மீட்டர் என்றால் சரிவு 21 டிகிரிக்கு மேல் வரும். தாழ்வான காரின் முன் பம்பர் அதில் உரசும். பம்பர் தப்பினாலும், தளம் தொடங்கும் விளிம்பில் காரின் வயிறு தட்டும். அதே உயரத்துக்கு 2.5 மீட்டர் ரேம்ப் போட்டால் 13 டிகிரிக்குள் அடங்கிவிடும். பின்பகுதி சற்றுக் கீழே சரிந்த தளமோ, முழுத் தளமும் சாயும் வகையோ கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி இருப்பதிலேயே முக்கியமானது: காரைத் தளத்தில் எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பது. டிரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்விப் பிடிக்கும் கப்ளர், உங்கள் ஹிட்ச் பந்தின் மேல் ஓரளவு எடையோடு அழுந்த வேண்டும். இதுதான் முன்முனை எடை. வட அமெரிக்காவில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள், அங்கே இழுவை வேகமும் குறைவு. உங்கள் 2,150 கிலோவில் 10 சதவீதம் 215. ஹிட்ச் தாங்குவது 250. ஆக 215-க்கும் 250-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சிறிய இடைவெளிதான்.

எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஆக்சில்களின் நடுவிலிருந்து ஹிட்ச் பந்து 4 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,350 கிலோ காரை 10 செ.மீ. பின்னால் தள்ளினால் முன்முனை எடை சுமார் 34 கிலோ குறையும். அரை மீட்டர் தள்ளினால் கிட்டத்தட்ட 170 கிலோ காணாமல் போகும். முன்முனையில் எடை இல்லாத டிரெய்லர் வேகம் கூடக் கூட வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். அப்படி ஆடினால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லருக்குத் தனி எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெதுவாகப் போடுங்கள். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எடைமேடை போதும். கார் ஏற்றிய டிரெய்லரைக் கழற்றி, முன் ஜாக்கியில் நிற்க வைத்து, ஜாக்கியும் சக்கரங்களும் மேடைமேல் இருக்கும்படி ஒருமுறை எடை எடுங்கள். அப்புறம் பிக்கப்பில் மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி மறுபடி எடுங்கள். முதலில் 2,150, பிறகு 1,920 என்று வந்தால் முன்முனை எடை 230 கிலோ. கூடவோ குறையவோ இருந்தால் காரைச் சில செ.மீ. நகர்த்த வேண்டும். தளத்தில் மிச்சம் வைக்கச் சொன்ன அரை மீட்டர் இதற்குத்தான். சரியான இடம் கிடைத்ததும் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தளத்தில் ஒரு தடுப்புக் கட்டையை போல்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கார் அங்கேயே வந்து நிற்கும். பின்னாளில் காருக்கு வேறு இன்ஜின் வைத்தால் இந்த அளவை மறுபடி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் தளம் சமமாக இருந்தால்தான் சரியாக வரும். முன்முனை தூக்கி நின்றால் பின் ஆக்சிலில் பாரம் ஏறும். ஹிட்ச் பந்தின் உயரத்தை மாற்றிச் சமப்படுத்துங்கள். பந்தின் அளவு கப்ளரில் பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டிப் பூட்டிய பிறகு முன் ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் கப்ளர் சரியாகப் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள்.

உங்கள் கார் ஓடாது என்பதால் விஞ்ச் அவசியம். இரண்டு டன் திறன் போதும். இன்ஜின் ஓடாத காரில் பிரேக்கையும் நம்ப முடியாது, அதனால் கார் ஏறும்போது ஒருவர் பக்கவாட்டில் நின்று பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டே வரட்டும். கேபிளின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். டிரெய்லரின் பின்மூலைகளுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கார் பின்விளிம்பில் ஏறும்போது பிக்கப்பின் பின்சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பப் பார்க்கும்.

ஏற்றிய காரை விஞ்ச் கேபிளே பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ராப் வேண்டும். டயரைச் சுற்றிப் பிடிக்கும் வகையையே நான் சொல்வேன். சக்கரம் தளத்தோடு இறுகிவிடும், மேலே கார் தன் சஸ்பென்ஷனில் இயல்பாக அசையும். பாடியோடு கட்டினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்ட்ராப் தளர்ந்து இறுகும். முன் ஸ்ட்ராப்கள் முன்னோக்கியும் பின் ஸ்ட்ராப்கள் பின்னோக்கியும் இழுக்கட்டும். கொக்கி மாட்டும் வளையங்கள் டிரெய்லரின் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், மரப்பலகையில் திருகியவை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்ட்ராப் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது அறுந்துபோகும் எடை. அதைப் பார்க்காதீர்கள், சிறியதே வேலைக்கான வரம்பு. புறப்பட்டு 20, 30 கி.மீ. போனதும் நிறுத்தி நான்கையும் மறுபடி இறுக்குங்கள்.

பழைய டிரெய்லர் வாங்குவதாக இருந்தால் டயரின் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயர்களை மாற்றிவிடுங்கள். பிரேக், விளக்குகள், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சாதனத்தின் பேட்டரி மூன்றையும் வாங்கும் இடத்திலேயே சோதியுங்கள். சக்கர நட்டுகளை முதல் 80 கி.மீ. கழித்து டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். அந்த நிறுத்தத்திலேயே நான்கு ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக அடித்தால் அங்கே பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் பிடித்தபடி நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.