தோட்டம்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: அர்ஜென்டினாவின் தேசிய மலரான சேய்போவின் செந்நிறப் பூக்களை ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட் பறவைகள்) நாடி வருமாமே, அம்மரத்தை இங்கு வளர்த்தால் அவை வருமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாரா. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. ஆயினும், நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த சேய்போவுக்கு, அதே இனத்து உறவான எரித்ரினா லைசிஸ்டெமன் என்னும் மரம் நம் குவாசுலு-நேட்டால் மாகாண மண்ணுக்கே உரியதாக இருக்க, கடல்கடந்த மரத்தைத் தேடுவானேன்? குளிர்காலக் கடைசியில், இலையற்ற கிளைகளில் அது செக்கச்செவேலெனப் பூக்கும்போது, தேன்சிட்டுகள் கிளையில் அமர்ந்து தேனருந்துவதைக் கண்குளிரக் காணலாம். தடித்த கிளையொன்றை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின், நல்ல வெயிலில், நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். தென் அமெரிக்க ஜகரண்டா மரத்தையோ தயவுசெய்து நடாதீர்கள்; அது இம்மாகாணத்தில் ஊடுருவும் தாவரமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டுள்ளது.